நான்கு எரூவா, பன்னிரண்டா? வேல்ஸ் சட்ட நூல்கள் தொகுத்துத் திருத்தப்பட்ட விதம்

13ஆம் நூற்றாண்டு வேல்ஸில் தகப்பன் இறந்து, அண்ணன் தம்பிகள் பாகப்பிரிவினைக்கு உட்கார்ந்தால், ஒரு மனைக்கு எவ்வளவு நிலம் என்ற கேள்வி எழும். வட வேல்ஸின் சட்ட நூல் அதற்கு ஒரே பத்தியில் மூன்று பதில்களை வைத்திருக்கிறது. 10ஆம் நூற்றாண்டு அரசர் ஹவெலின் சட்டப்படி மனைக்கு 4 எரூ. பின்னாளில் ப்ளெதின் ஆப் கன்வின் என்ற அரசர் அதை மாற்றி உயர்குடியானுக்கு 12, ஆட்பட்ட குடியானவனுக்கு 8, அவனுக்கும் கீழே உள்ளவனுக்கு 4 என்று வைத்தார். ஆனாலும் மனைக்கு 4 எரூ என்பதே பெருவழக்கு.

எரூ என்பது உழுநில அளவு. ஹவெல் இறந்தது 950 வாக்கில், ப்ளெதின் கொல்லப்பட்டது 1075இல். இந்த வரியை நமக்குத் தரும் சுவடிகள் 1250 சுமாருக்கு மேல் பழமையானவை அல்ல. அப்படியானால் இந்த ஒரு பத்தியிலேயே மூன்று காலங்கள் உட்கார்ந்திருக்கின்றன: ஒரு மூலவிதி, ஒரு திருத்தம், தொகுத்தவர் கண்ட நடப்பு. திருத்தம் வந்ததும் பழையதைச் சுரண்டி எடுத்திருக்கலாம். நடப்பு திருத்தத்தை ஏற்கவில்லை என்று கண்டதும் திருத்தத்தையாவது நீக்கியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. வேல்ஸ் சட்ட நூல்கள் எப்படி வளர்ந்தன என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. அவை பழையதன் பக்கத்திலேயே புதியதை வைத்து வளர்ந்தவை. எல்லாவற்றின் மேலும் ஹவெல் என்ற ஒரே பெயர் நின்றது.

ஹவெல் தா, அதாவது நல்ல ஹவெல், 10ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வேல்ஸின் பெரும்பகுதியை ஆண்ட அரசர். அவர் பெயரில் வழங்கும் சட்டம் லத்தீனிலும் வேல்ஸ் மொழியிலுமாக ஏறக்குறைய 40 இடைக்காலச் சுவடிகளில் கிடைக்கிறது. வேல்ஸ் மொழிப் பாடங்கள், அதாவது நூல்வடிவங்கள், மூன்று குடும்பங்களாகப் பிரிகின்றன: கவ்நெர்த், ப்ளெகிவ்ரித், யோர்வெர்த். இவற்றோடு ஐந்து லத்தீன் பாடங்கள். ஹவெல் காலத்து மூலச்சுவடி என்று ஒன்று கையில் இல்லை. ஆனால் வேல்ஸ்காரர்கள் சட்ட விவகாரத்தை ஏட்டில் ஏற்றியது ஹவெலோடு தொடங்கியதும் இல்லை. லிச்ஃபீல்டு நற்செய்திச் சுவடியின் ஓரத்தில் 9ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த நிலவழக்குக் குறிப்பு ஒன்று இருக்கிறது. லத்தீனும் வேல்ஸும் கலந்த அந்தச் சில வரிகளில் சட்டமொழி ஏற்கெனவே பழகிய நடையில் வருகிறது.

மனை வரிக்குத் திரும்புவோம். தொகுத்தவர் ஏன் 4ஐ விடவில்லை? நடப்பு அப்படி என்று அவரே சொல்கிறார், அதை நம்பலாம். ஆனால் நூலுக்குள் இன்னொரு காரணமும் இருக்கிறது என்பது நம் கணிப்பு. அதே நிலப்பகுதியில் வேறோர் இடத்தில் ஓர் அளவுச் சங்கிலி வருகிறது. 3 வாற்கோதுமை மணி ஓர் அங்குலம். 3 அங்குலம் ஓர் உள்ளங்கை. 3 உள்ளங்கை ஓர் அடி. 16 அடி நீண்ட நுகத்தடி. அந்த நீளத்துக்கு ஒரு கோலைக் கையில் பிடித்து, மாடோட்டுபவன் நுகத்தின் நடுவில் நின்று இரு பக்கமும் எட்டிய தூரம் எரூவின் அகலம். அதைப்போல 30 மடங்கு அதன் நீளம். அங்கிருந்து மேலே ஏறுகிறது: 4 எரூ ஒரு மனை, 4 மனை ஒரு ரான்டிர், 4 ரான்டிர் ஒரு கவைல், 4 கவைல் ஒரு ட்ரெவ், 4 ட்ரெவ் ஒரு மைனோல். 12 மைனோலும் 2 ட்ரெவும் சேர்ந்தது ஒரு கமுட். 2 கமுட் ஒரு கான்ட்ரெவ். கூட்டிப் பார்த்தால் ட்ரெவுக்கு 256 எரூ, மைனோலுக்கு 1,024, கான்ட்ரெவுக்கு 25,600. கான்ட்ரெவ் என்ற சொல்லுக்கே நூறு ட்ரெவ் என்றுதான் பொருள். கணக்கும் சரியாக நூறில் வந்து நிற்கிறது.

இப்போது மனைக்கு 12 என்று மாற்றிப் பாருங்கள். ட்ரெவ் 768 எரூ ஆகும், கான்ட்ரெவ் 76,800. அரசனுக்கு வரவேண்டிய உணவுக் கொடையும் பணிகளும் இந்தப் பிரிவுகளின் மேல்தான் ஏறியிருக்கின்றன. ஓர் எண்ணைத் தொட்டால் அதன் மேலுள்ள வரிகள் எல்லாவற்றையும் தொட வேண்டும். திருத்தத்தை மதித்துப் பதிவு செய்துவிட்டு, அடித்தளத்து எண்ணை அசைக்காமல் விட்டதில் ஒரு தேர்ந்த தொகுப்பாளரின் கை தெரிகிறது.

தெற்கத்திப் பாடங்களில் இந்த மாளிகையே வேறு. அங்கே ஹவெலின் கோல் 18 அடி. எரூவின் நீளம் 18 கோல், அகலம் 2 கோல். ஒரு ரான்டிருக்கு 312 எரூ: உழவுக்கும் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் 300, கட்டடத்துக்கு 12. வடக்கில் ரான்டிர் என்பது 16 எரூதான். சொல் ஒன்று, அளவு இருபது மடங்குக்கு அருகே வேறு. இந்த இரண்டையும் ஒரே மூலத்தின் பாடபேதம் என்று ஒட்டவைக்கப் போனால் இரண்டும் கெடும்.

யோர்வெர்த் குடும்பத்துக்குப் பெயர் தந்தவர் மாடோக்கின் மகன் யோர்வெர்த். 13ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வட வேல்ஸின் க்வினெத் நாட்டில் வாழ்ந்த சட்ட அறிஞர், சட்டம் பயின்ற குடும்பத்தில் பிறந்தவர். அவர் என்ன செய்தார் என்பதை நூலே சொல்கிறது. இதன் ஒரு பகுதிக்கு நீதிபதிகளின் தேர்வு நூல் என்று பெயர். அதன் முகப்பில் யோர்வெர்த் தாம் எடுத்தாண்ட நூல்களைப் பட்டியலிடுகிறார்: மோர்கெனையின் மகன் கவ்நெர்த்தின் நூல், ருவோனின் மகன் க்வைரின் நூல், மோரிதிக்கின் மகன் கோரொன்வியின் நூல், வெள்ளை வீட்டின் பழைய நூல். இவற்றுக்கு மேல் க்வினெத், பொவிஸ், டெஹைபார்த் நாடுகளில் தமக்குக் கிடைத்த சிறந்த நூல்கள். நான்கு நூல்களைப் பெயர் சொல்லி, பிறவற்றை இடம் சொல்லிக் குறித்திருக்கிறார். இடைக்காலத் தொகுப்பு ஒன்று தன் சரக்கு எங்கிருந்து வந்தது என்று இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வது பெரிய கொடை. அந்த நான்கில் ஒன்றுகூட அதே உருவில் நமக்கு வந்து சேரவில்லை.

தேர்வு நூல் என்ற பெயர் அதன் வேலையிலிருந்து வந்தது. வடக்கில் நீதிபதி பயிற்சி பெற்ற தொழில்முறையாளர். படிக்க விரும்புபவன் ஓர் ஆசிரியரிடம் இருந்து கற்கிறான். தகுதி வந்துவிட்டது என்று ஆசிரியர் கருதினால் அரசவை நீதிபதியிடம் அனுப்புகிறார். அவர் சோதித்துத் தேறினால் அரசனிடம் அனுப்ப, அரசன் பதவி தருகிறான். புதியவன் அரசவை நீதிபதிக்கு 24 பென்னி கட்டணம் தர வேண்டும். இந்தச் சோதனைக்கு வேண்டிய பாடம்தான் தேர்வு நூல்: சட்டத்தின் மூன்று தூண்களும், காட்டு விலங்கு வீட்டு விலங்குகளின் மதிப்பும். கொலை, தீவைப்பு, திருட்டு என்று தூண்கள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒன்பது உடந்தைக் குற்றங்கள். கொலையில் உடந்தையானவனுக்கு முதல் மூன்று வகைக்கு 180 பென்னி தண்டம், இரத்தப்பழி இல்லை என மறுக்க 100 பேர் சத்தியம். அடுத்த மூன்றுக்கு 360, 200 பேர். கடைசி மூன்றுக்கு 540, 300 பேர். வாய்ப்பாடுபோல ஏறும் இந்த எண்கள் மனப்பாடத்துக்காக அமைந்தவை என்பது படித்தவுடனே தெரிகிறது.

தேர்வு நூலை அடுத்து வேறு சில சிறு பகுதிகள் வருகின்றன: வீட்டுப் பொருள்களின் மதிப்பு, கூட்டு உழவு, பயிர் மேய்ச்சல் சேதம். இவை பாடத்திட்டத்தின் மையம் அல்ல. ஆனால் நீதிபதி முன் நாள்தோறும் வரக்கூடியவை. கூட்டு உழவுப் பகுதியைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு ஏருக்கு எட்டு எருது. எவரிடமும் எட்டும் இருக்காது, ஆகவே பலர் சேர்கிறார்கள். உழுது முடிக்க வேண்டியது 12 எரூ. முதல் எரூ உழவனுக்கு. இரண்டாவது ஏரின் இரும்புக்கு. மூன்றாவதும் நான்காவதும் வெளிப்பக்க எருதுகள் இரண்டின் சொந்தக்காரர்களுக்கு, நுகம் நடுவில் பிரிந்து போகாமலிருக்க. ஐந்தாவது மாடோட்டுபவனுக்கு. பிறகு மிச்ச எருதுகளுக்கு, நல்லதிலிருந்து வரிசையாக. கடைசி எரூ ஏர்மரத்துக்கு. எண்ணிப் பார்த்தால் எட்டு எருது, உழவன், இரும்பு, மாடோட்டி, ஏர்மரம், ஆகப் பன்னிரண்டு. யார் பங்கு முதலில் உழப்படும் என்பதுதான் சண்டையின் வேர்; மழை தவறினால் கடைசிப் பங்கு போச்சு. வயலோரத்தில் தீர்ந்த வழக்குகள் படிந்து விதியாக இறுகியது போல இருக்கிறது இது. இப்படிப்பட்ட தனித்தனிச் சிறு நூல்கள்தான் சட்ட நூலின் செங்கற்கள். பெண்கள் சட்டம், பிணை, ஒன்பது நாவினர் (தனிச் சொல்லே சாட்சியாகச் செல்லும் ஒன்பது பேர்), நிலம் எனத் தனியாக உருவானவற்றைத் தொகுப்பாளர் வரிசைப்படுத்தினார். எந்தச் செங்கல் எங்கே என்பதில் ஒவ்வொரு தொகுப்பும் வேறுபடுவது இதனால்தான்.

இவ்வளவு அக்கறையோடு நூல் வைத்துக்கொள்ள அழுத்தமான காரணம் ஒன்று உண்டு. நீதிபதியின் தீர்ப்பை வழக்காடி ஏற்க மறுத்து அடமானப் பொருள் ஒன்றை வைக்கலாம். நீதிபதியும் பதிலுக்கு வைக்க வேண்டும். அதன்பின் எழுதிய சட்டத்தில் யாருக்கு ஆதாரம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். தெற்கத்தி நூல்களின்படி, தோற்ற நீதிபதி தன் நாக்கின் விலையை அரசனுக்குக் கட்ட வேண்டும், இனித் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. உடல் உறுப்புகளின் விலைப்பட்டியலில் நாக்கு ஒன்றே மற்ற எல்லா உறுப்புகளுக்கும் சமம். அவற்றுக்காக வாதாடுவது நாக்கு என்பதால். தெற்கில் நிலவுரிமையின் பேரில் நீதிபதியாக உட்கார்ந்தவர்கள் பலர். வடக்கத்தியர்போலப் பயின்றவர்கள் அல்ல. கையில் நம்பகமான நூல் இல்லாதவர் ஒவ்வொரு தீர்ப்பிலும் தம் நாக்கைப் பணயம் வைத்தார். பெனியார்த் 28 என்ற லத்தீன் சுவடியில் அரசவை அதிகாரிகளைப் படமாக வரைந்திருக்கிறார்கள். அதில் நீதிபதியின் கையில் இருப்பது புத்தகம்.

சுவடியின் உடலைப் பார்ப்போம். கன்று, ஆட்டுத் தோலை மடித்து, பெரும்பாலும் எட்டு ஏடு கொண்ட கட்டுகளாகத் தைப்பார்கள். அளவில் சிறியவை, பல சட்டச் சுவடிகளைக் கைப்பையில் போட்டு எடுத்துப் போகலாம். எழுதுபவர் தலைப்புக்கு இடம் விட்டுப் போவார், சிவப்பு மையில் பிறகு நிரப்புவார்கள். நிரப்பாமல் விட்டால் இரண்டு பகுதிகள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். அடுத்துப் படியெடுப்பவருக்கு எல்லை தெரியாது. மதிப்புப் பட்டியல்கள்தான் அதிகம் அடிபடும். எண்கள் ரோம எழுத்தில் இருக்கின்றன; ஒரு கோடு கூடினாலும் குறைந்தாலும் விலை மாறும். பூனைக்குட்டி பிறந்த இரவிலிருந்து கண் திறக்கும் வரை 1 பென்னி, எலி பிடிக்கும் வரை 2, அதன்பின் 4 என்று போகும் வரிகளில், 'சட்டப் பென்னி' என்ற முடிவு ஒன்றுக்கு மேல் ஒன்றாக வரும். கண் ஒரு முடிவிலிருந்து அடுத்த முடிவுக்குத் தாவினால் நடுவரி காணாமல் போகும். வரி தொலைந்தது வெளியே தெரியாது, ஏனென்றால் மிச்சம் படிக்க ஒழுங்காகவே இருக்கும்.

இதற்கு நேர்மாறான நோய் வீக்கம். சுவடி முடிந்தபின் கடைசி ஏடுகளில் வெற்றிடம் இருக்கும். அங்கே உரிமையாளர் தமக்கு வேண்டியதைச் சேர்ப்பார்: விதிகளை மும்மூன்றாக அடுக்கும் முப்பொருட் கோவைகள், வழக்காடும் வாசகங்கள், 'இப்படி நேர்ந்தால்' என்று தொடங்கும் நிலைமைக் குறிப்புகள். ஆய்வாளர்கள் இதை வால் என்கிறார்கள். அடுத்துப் படியெடுப்பவர் வாலை உடலோடு சேர்த்தே எழுதுவார். மூன்றாம் தலைமுறையில் வால் எது உடல் எது என்று பிரிக்க, வேறு சுவடிகளோடு வரி வரியாக ஒப்பிட்டால்தான் முடியும். அந்த 'நேர்ந்தால்' குறிப்புகளில், 'சிலர் இப்படிச் சொல்கிறார்கள், சட்டம் இப்படிச் சொல்கிறது' என்ற தொடர் கண்ணில் பட்டால் நின்று படிக்க வேண்டும். நீதிபதிகளுக்குள் கருத்து பிளந்திருந்த இடம் அது.

யோர்வெர்த்தின் நூல் எழுதிச் சில பத்தாண்டுகளுக்குள்ளேயே வடக்கில் அதை ஒருவர் மறுபடி எடுத்துத் திருத்தினார். பெனியார்த் 30 சுவடியில் உள்ள இதைக் கோலன் நூல் என்று அழைக்கிறார்கள். டாஃபித் ஜென்கின்ஸ் 1963இல் பதிப்பித்தார். படியெடுத்தவர் தூங்கி விழுந்ததால் வந்த மாற்றங்கள் அல்ல இவை. வாசகம் இறுகியிருக்கிறது, வரிசை மாறியிருக்கிறது, லத்தீன் பாடத்திலிருந்து எடுத்த சரக்கு நடுவில் நுழைந்திருக்கிறது. ஆதிக்கம் பெற்ற ஒரு நூலையே, அது புதிதாக இருக்கும்போதே, மறுபடி பட்டறைக்கு இழுத்திருக்கிறார்கள். சுருக்கத்துக்கு விலையும் உண்டு: யோர்வெர்த் விளக்கிச் சொன்ன இடத்தில் கோலன் ஒரே சொல்லில் முடிக்கும்போது, பயிற்சி இல்லாதவருக்கு விதியின் எல்லை மங்கிவிடுகிறது.

தெற்கில் திருத்தம் மொழிபெயர்ப்பின் வழி நடந்தது. ப்ளெகிவ்ரித் குடும்பம் லத்தீன் டி என்ற பாடத்திலிருந்து பெருமளவு பெயர்க்கப்பட்டது என்று லத்தீன் பாடங்களை 1967இல் பதிப்பித்த எமானுவல் நிறுவினார். வேல்ஸ் மொழியில் வழங்கிய விதி லத்தீனுக்குப் போய், மறுபடி வேல்ஸ் மொழிக்கு வந்திருக்கிறது. கலானஸ், அதாவது கொலைக்கான ஈட்டுத்தொகை, போன்ற கலைச்சொற்களை லத்தீன்காரர்கள் வேல்ஸ் மொழியிலேயே விட்டதால் அவை தப்பின. சுற்றியிருந்த வாக்கியங்கள் திருச்சபைச் சட்டம் படித்தவர்களின் நடையைப் பூசிக்கொண்டு திரும்பின.

முன்னுரையும் இப்படித் திருத்தம் பெற்ற ஒரு பகுதிதான், பலரும் அதை வரலாறாகவே எடுத்துக்கொள்கிறார்கள் என்றாலும். யோர்வெர்த் பாடத்தில் ஹவெல் கான்ட்ரெவுக்கு ஆறு பேராக டாவ் ஆற்றங்கரை வெள்ளை வீட்டுக்கு அழைக்கிறார். நான்கு பேர் பொதுநிலையினர், இரண்டு பேர் குருக்கள். பொதுநிலையினர் திருமறைக்கு மாறாக எதையும் வைத்துவிடக் கூடாது என்பதற்காகக் குருக்கள். ப்ளெகிவ்ரித் பாடத்தில் தொகுப்பை எழுதும் பொறுப்பு ப்ளெகிவ்ரித் என்ற கற்ற குருவுக்குப் போகிறது; நூல் மூன்று படிகளாகி, ஒன்று அரசனோடும் ஒன்று தெற்கின் அரசிருக்கையான டினெவ்வூரிலும் ஒன்று வடக்கின் அரசிருக்கையான அபெர்ஃப்ராவிலும் வைக்கப்படுகிறது. தவக்காலம், நோன்பு, செபம் எல்லாம் சேர்கின்றன. இது யாருக்குச் சொன்ன பதில் என்பது 1282இல் தெரிகிறது: கேன்டர்பரி பேராயர் பெக்கம், ஹவெலின் சட்டம் பிசாசின் தூண்டுதலால் வந்தது என்ற பொருளில் இளவரசர் லவெலினுக்கு எழுதினார். படம் வரைந்த பெனியார்த் 28 சுவடியும் 1300 வாக்கில் கேன்டர்பரி அகஸ்டின் மடத்தில்தான் இருந்தது.

திருச்சபையோடு மோதிய இடத்தில் யோர்வெர்த் மறைக்கவில்லை. மணமான மனைவிக்குப் பிறந்த மூத்த மகனுக்கே சொத்து என்கிறது திருச்சபைச் சட்டம். இளையவனுக்கும் மூத்தவனைப் போலவே கொடு என்கிறது ஹவெல் சட்டம். தகப்பனின் பாவத்தை மகனின் பாகத்தின் மேல் ஏற்றக் கூடாது என்றும் சொல்கிறது. இரண்டையும் எதிரெதிரே எழுதிவிட்டு, ஹவெலின் பக்கம் நிற்கிறது நூல். 1284இல், வேல்ஸை வென்ற ஆங்கில அரசர் முதலாம் எட்வர்டின் ரித்லான் சாசனம் பாகப்பிரிவினையை விட்டுவைத்து, மணத்துக்கு வெளியே பிறந்த மகன்களை விலக்கியது. குற்றச் சட்டம் ஆங்கிலச் சட்டமானது. அதன் பிறகும் படியெடுப்பு நிற்கவில்லை. எல்லைப்புறப் பிரபுக்களின் நிலங்களில் வேல்ஸ் சட்டம் 1536 வரை ஏதோ ஒரு வடிவில் நடந்தது. பிற்காலப் படிகளில் சில அரசவை அதிகாரிகள் 24 பேரின் பகுதியை முழுதாக விட்டுவிட்டன, அந்த அரசவையே இல்லையே. வழக்காடும் பகுதிகள் மட்டும் நீண்டுகொண்டே போயின.

1841இல் அனைரின் ஓவன் பெரும் பதிப்பைக் கொண்டுவந்தார். இன்றும் சுவடிகளுக்கு அவர் இட்ட எழுத்துக் குறிகளே வழங்குகின்றன. ஆனால் மூன்று குடும்பங்களையும் மூன்று நாடுகளின் சட்டத் தொகுப்புகள் என்று அவர் பெயரிட்டதும், ஹவெல் மூலத்துக்கு அருகில் என்று கருதி 'ஏ' சுவடியான சர்க் கருப்பு நூலை வடக்கத்திப் பாடத்துக்கு அடிப்படையாக்கியதும் நீண்ட குழப்பத்தைத் தந்தன. அந்தச் சுவடியின் எழுத்துமுறை விசித்திரமானது. அதை மிகப் பழமை என்று எண்ணத் தூண்டியது. இப்போது அதை 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வைக்கிறார்கள். ஆலெட் ரீஸ் வில்லியம் 1960இல் யோர்வெர்த் நூலைப் பதிப்பித்தபோது காட்டன் டைட்டஸ் டி 2 சுவடியை அடிப்படையாகக் கொண்டார். ஹவெலின் மூலத்தைத் தேடி எல்லாச் சுவடிகளையும் உருக்கி ஒன்றாக வார்க்கும் முயற்சி மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது. இப்போது ஒவ்வொரு சுவடியையும் அதன் உரிமையாளர் பயன்படுத்திய நூலாகவே தனித்துப் படிக்கிறார்கள். மனை வரியில் 4உம் 12உம் மறுபடி 4உம் வந்தால், பதிப்பாசிரியர் மூன்றையும் இருந்த இடத்திலேயே அச்சிடுகிறார்.